பழைய ஹைலக்ஸுக்குச் சாமான்: ஸ்ரான்லி வீதிப் புதுசா, பஞ்சிகாவத்தைப் பழசா?

எங்களிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எல்.என். 106 மொடல். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய பிக்கப்புகளின் விலை ஏறிவிட்டது. 2025இல் மறுபடி திறந்தார்கள். ஆனால் வரியோடு கணக்குப் பார்த்தால் புது வண்டி கைக்கு எட்டாது. இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும்.

ஏஜென்டிடம் ஜெனுயின் புதுசு கிடைக்கும். விலையைக் கேட்டவர்கள் அதைப் பற்றி மேலே கதைப்பதில்லை. மிச்சம் இரண்டு வழி: யாழ் நகரில் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் சீன, தைவான் கொப்பி (ஜெனுயினைப் பார்த்துச் செய்த புதுச் சாமான்), அல்லது ஜப்பானில் கழற்றி, கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு வந்து குவிந்த பாவித்த சாமான்.

நான் பஞ்சிகாவத்தைப் பக்கம். ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர், ஸ்டியரிங் பொக்ஸ் எல்லாம் அங்கே எடுத்தவை. விலையைப் பார்த்து அப்படிச் செய்யவில்லை. சில நேரம் கொப்பியே மலிவு. நான் பார்ப்பது கூலியை. கொப்பி சீக்கிரம் போனால் கடைக்காரர் வேறொன்று தரக்கூடும், கழற்றிப் பூட்டிய கூலியை யார் தருவது? இது ஃபோர்வீல் வண்டி. கிளட்ச் வரை போக கியர்பொக்ஸையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்க வேண்டும். கிளட்சோடு இருக்கும் ரிலீஸ் பெயரிங்கை மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த காசு இரண்டாம் முறை இறக்கும் கூலிக்கே காணாது. வெங்காயம் கிண்டும் காலத்தில் வண்டி கராஜில் நின்றால் அந்த நட்டம் வேறு.

பஞ்சிகாவத்தையில் ‘ஹைலக்ஸ்’ என்று மட்டும் கேட்காதீர்கள். இதே 2.8 லீற்றர் 3எல் எஞ்சின்தான் டொல்பின் என்று இங்கே சொல்லும் டொயோட்டா ஹையேஸ் வானிலும் இருக்கிறது. டொல்பின் இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு ஓடியது, அதனால் அதன் சாமான் தாராளம். எஞ்சினின் உட்சாமான் பெரும்பாலும் பொருந்தும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், அடியில் ஒயில் நிற்கும் சம்ப் போன்றவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும்.

தூரம்தான் தொல்லை. கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் பொதி வந்துவிடும், பிழையான சாமானைத் திருப்பி அனுப்புவது அலைச்சல். பழைய சாமானில் பொறித்த இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். ஸ்ரான்லி வீதியில் இந்தப் பாடே இல்லை. காலையில் வாங்கியதை மத்தியானம் மாற்றலாம். புஷ் போன்ற சில்லறைச் சாமானுக்கு இரண்டு இடமும் வேண்டாம். யுத்த காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது ஓஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது, லேத்துக்காரரே கடைந்து தருவார்.

ரப்பர், பிரேக் லைனிங், பெயரிங், டைமிங் பெல்ட் இவற்றில் பழசு கூடவே கூடாது. பெயரிங் என்றால் கோயோ, என்.எஸ்.கே. போன்ற ஜப்பான் பெயரில் புதுசு எடுங்கள். டைமிங் பெல்ட் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபடும்.

டீசல் பம்ப் மட்டும் நான் பாவித்ததாக எடுத்ததில்லை. எடுப்பதானால் பம்ப் திருத்துபவரிடம் சோதித்துவிட்டுப் பூட்டுவது நல்லது என்று நினைக்கிறேன்.