கோவையில் கேக் பீட்டர் தேடி அலைந்த மூன்று நாள்

இந்த டிசம்பரில் கனடாவிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது தங்கைக்கு ஒரு ஸ்டாண்ட் மிக்ஸர், அதாவது கிண்ணத்தோடு மேடையில் நின்றபடி கிரீம் அடித்து மாவும் பிசையும் மிஷின், வாங்கினேன். விமானம், பெட்டி, டாக்சி, வங்கி வேலை எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் இந்த மிக்ஸருக்காக மூன்று நாள் அலைந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்கை வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து கேக் செய்கிறாள். இதுவரை கையில் பிடித்து அடிக்கும் பீட்டர்தான். அதைத் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. ஒரு கிலோ கேக்குக்கு கிரீம் அடித்து முடிப்பதற்குள் மோட்டார் சூடாகிவிடும். நிறுத்தி ஆறவைத்தால் அதற்குள் நம் ஊர்ச் சூட்டில் கிரீம் தளர்ந்துவிடும். கனடாவில், மிசிசாகா வீட்டில் என்னிடம் இருக்கும் கிச்சன்எய்ட் ஸ்டாண்ட் மிக்ஸரைப் போல ஒன்றை வாங்கி வந்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. எடையும் பத்து கிலோவுக்கு மேல். 23 கிலோ பெட்டியில் பாதி அதற்கே போய்விடும்.

சரி, இங்கேயே வாங்கலாம் என்று காந்திபுரத்தில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். மிக்ஸர் என்று கேட்டதும் மிக்ஸி வரிசைக்கு அழைத்துப் போனார்கள். கேக் பீட்டர், ஸ்டாண்டோடு வருவது என்று விளக்கியபின் இரண்டாம் மாடி. அங்கே ஆறேழு மாடல்கள் அழகாக அடுக்கியிருந்தன. ஒன்றிலும் ஒயர் பிளக்கில் இல்லை. ஒன்றுக்குக் கிண்ணமே இல்லை.

"இது 1,400 வாட் மேடம், நல்ல பவர்" என்றார் அந்தப் பையன். என் வீட்டு மிஷின் 325 வாட்தான். பத்து வருடமாக வாராவாரம் ரொட்டி மாவு பிசைகிறது. வாட் என்பது மிஷின் இழுக்கும் மின்சாரம். அதை வைத்து பிசையும் பலத்தைச் சொல்லிவிட முடியாது. உள்ளே பல்சக்கரம் இரும்பா பிளாஸ்டிக்கா, கனமான மாவைப் பிசையும்போது மிஷின் மேடையில் நகராமல் நிற்குமா, பீட்டர் கிண்ணத்தின் அடிவரை எட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. காலிக் கிண்ணத்தில் ஒரு நாணயத்தைப் போட்டு, பட்டையான பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை நாணயம் கொஞ்சம் நகர்ந்தால் சரி. அசையவே இல்லை என்றால் வெண்ணெயும் சர்க்கரையும் அடியில் அப்படியே தங்கும். விடாமல் தள்ளிக்கொண்டே போனால் பீட்டர் கிண்ணத்தைத் தேய்க்கும். கனடாவில் பத்து சென்ட் நாணயத்தைப் போட்டுப் பார்ப்போம்.

கேட்டது அவ்வளவுதான்: பிளக்கில் மாட்டி ஒரு நிமிடம் ஓட்டுங்கள்.

"சீல் பிரிச்சா வேற கஸ்டமர் வாங்க மாட்டாங்க மேடம். பில் போட்டுட்டுப் பிரிக்கலாம்."

"பில் போட்டதுக்கு அப்புறம் சரியில்லைன்னா?"

"கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க."

மறுநாள் போன இன்னொரு கடையிலும் இதே பதில். எனக்குத் தாங்கவில்லை. கனடாவிலும் கடையில் யாரும் ஓட்டிக் காட்ட மாட்டார்கள். ஆனால் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு ரசீதோடு திருப்பிக் கொடுக்கலாம். நான் வளர்ந்த கோவையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆனால் ஓட்டிக் காட்டாமல் எதையும் கையில் தர மாட்டார்கள். அப்பா மிக்ஸி வாங்கிய நாள் நினைவிருக்கிறது. டெஸ்ட் போர்டில் மாட்டி, ஒவ்வொரு ஜாராக ஓட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகுதான் பணம். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. மோட்டாரும் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர். இந்த ஊரில் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்க்க விடவில்லை என்றால் வேறு எங்கே போய்க் கேட்பது?

மூன்றாம் நாள் டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய எலக்ட்ரிக்கல் கடை. இருந்தது இரண்டே மாடல். நாங்கள் கேட்பதற்கு முன்பே பெரியவர் இரண்டு பெட்டியையும் பிரித்து டெஸ்ட் போர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "என்ன செய்யறதுக்கு அம்மணி? கிரீமா, மாவா?" இரண்டும் என்றேன். ஒரு ரூபாய் நாணயத்தைக் கிண்ணத்தில் போட்டதும் ஒன்றும் சொல்லாமல் குனிந்து பார்த்தார். முதல் மிஷினில் நாணயம் அசையவில்லை. அடுத்ததில் சுற்றுக்குச் சுற்று மெல்ல நகர்ந்தது. "ஓ, இப்படிப் பார்க்கணுமா" என்று அவரே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

அப்புறம் அவர் செய்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பையனை அனுப்பிப் பக்கத்து மளிகைக் கடையிலிருந்து அரைக் கிலோ மைதா வாங்கிவரச் சொன்னார். தண்ணீர் ஊற்றி, மாவு பிசையும் கொக்கியை மாட்டி, கடை மேடையிலேயே எட்டு நிமிடம் பிசையவிட்டார். மாவு இறுகியபோது மிஷின் கொஞ்சம் ஆடியது, ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. மோட்டார் தலையில் கைவைத்துப் பார்க்கச் சொன்னார், வெதுவெதுப்புதான்.

"வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவா, லைன் கரண்ட் மாதிரியே கொடுக்குமா? பழைய மாடல்னா ஷட்டவுன் அன்னிக்கு இதைப் போடாதீங்க, மோட்டார் உறுமும், சூடாகும்" என்றார். மாதாந்திர மின்தடை நாளை நான் மறந்தே போயிருந்தேன். பெரிய ஷோரூமில் யாரும் கேட்காத கேள்வி அது.

எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. கேரண்டி கார்டில் தேதி எழுதி, கடை சீல் குத்திக் கொடுத்தார். பிசைந்த மாவை பையன் பக்கத்துப் புரோட்டாக் கடையில் கொடுத்துவிட்டு வந்தான்.

நான் திரும்பி வந்தபின் தங்கை அதில் கிறிஸ்துமஸ் ஆர்டர் முழுவதையும் முடித்துவிட்டாள். கிரீம் ஒரே மூச்சில் நிற்கிறதாம். சத்தம் மட்டும் என் வீட்டு மிஷினைவிட அதிகம் என்றாள். அதை டெஸ்ட் போர்டிலேயே கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம்.