"இரண்டாவது வாய்ப்பு" என்று செய்தி வந்தால் உடனே பணம் கட்டாதீர்கள்

பழைய மேட்ச்பாக்ஸ், டிங்கி, கோர்கி பொம்மை வண்டிகளை இணைய ஏலத்தில் எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏலத்தில் தோற்ற இரண்டு நாளில் விற்பவரிடமிருந்து ஒரு செய்தி வரும். "ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே உங்களுக்குத் தருகிறேன்" என்று இருக்கும். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டு 480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டினேன். முறையாக நடந்திருந்தால் அந்தச் சாமான் எனக்கு 120 வெள்ளிக்குக் கிடைத்திருக்கும்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். பிறந்து வளர்ந்தது பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால்மரம் ஒன்றுகூடக் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். அப்பா அந்தத் தோட்டத்தில் துரையின் லேண்ட் ரோவரை ஓட்டினார். வெள்ளைக்காரத் துரை குடும்பம் ஊருக்குப் போனபோது, பிள்ளைகள் விளையாடித் தீர்த்த சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அப்பா எடுத்து வந்தது ஒரு சின்ன லேண்ட் ரோவர். ஒரு சக்கரம் இல்லை. நானும் தங்கையும் அதை லயத்து வீட்டு வாசலில் மூன்று சக்கரத்திலேயே ஓட்டினோம். தோட்டத்தைக் காலி செய்து தமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தபோது அது எங்கேயோ தொலைந்துவிட்டது.

வெகுநாள் கழித்துத்தான் அது என்ன வண்டி என்று தெரிந்துகொண்டேன். லண்டனில் லெஸ்னி கம்பெனி செய்த மேட்ச்பாக்ஸ் வரிசையில் 12ஆம் எண். முதல் வார்ப்பு 1955. இரண்டு அங்குலம்கூட இருக்காது, ஆலிவ் பச்சை நிறம். 1959-ல் அதே எண்ணில் வேறு வார்ப்பு வந்தது. 1965-ல் கூரைமேல் மூட்டைமுடிச்சுகளோடு சஃபாரி வண்டி வந்தது. ஆனால் டிரைவர் உட்கார்ந்திருப்பது அந்த 1955 வண்டியில் மட்டும்தான். எனக்கு வேண்டியது அதுதான். அப்பாவுக்கு 80 வயது நிறைகிறது, பிறந்தநாளுக்கு அதைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

உள்ளூர் ஏலத் தளம் ஒன்றில் அது வந்தது. ஆரம்ப விலை 30 வெள்ளி, ஐந்து ஐந்தாக ஏறும், பெட்டியோடு. தளத்தின் பெயரையோ விற்பவரின் பெயரையோ இங்கே போடவில்லை. இந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

இந்தத் தளங்களில் நாம் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து விலை கேட்க வேண்டியதில்லை. நம்மால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், தளமே நமக்காகக் கேட்டுக்கொண்டு போகும். எதிராளி 50 கேட்டால் நம் பெயரில் 55 விழும். எதிராளி நின்றால் அதுவும் நின்றுவிடும். நம் உச்சத்தொகை யாருக்கும் தெரியாது. நான் 400 கொடுத்து வைத்தேன். சனிக்கிழமை மாலைவரை என்னை எதிர்த்துக் கேட்டவர் ஒரே ஒருவர். 115-ல் அவர் நின்றுவிட்டார். விலை 120, என் பெயரில்.

அன்று இரவு ஒன்பதேகாலுக்குப் புதிதாக ஒருவர் நுழைந்தார். தளத்தில் முழுப்பெயர் காட்டமாட்டார்கள், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் தெரியும். கே-யில் தொடங்கி 7-ல் முடியும் பெயர். 150 கேட்டார். தளம் எனக்காக 155 போட்டது. 200 கேட்டார், எனக்கு 205. அப்புறம் 250, 300, 350, 390. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். கடைசியாக 450 போட்டதும் என் 400 உடைந்து, விலை 405-ல் அவர் பெயருக்கு மாறியது.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாமானை வாங்க வந்தவர், தன்னால் எவ்வளவு முடியுமோ அதை ஒரே தடவையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். கம்பை விட்டுக் கிணற்றின் ஆழம் பார்க்கிற மாதிரி ஒரு படி, இன்னொரு படி என்று இறங்குகிறவர், எதிராளியிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்.

ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஏலம் முடியும். ஒன்பதரைக்குக் கைப்பேசியோடு உட்கார்ந்தேன். 420 போட்டேன், உடனே 425 அவர் பெயரில். 440 போட்டேன், 445. 460 போட்டதும் நான் முன்னால் வந்தேன், 455. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் 465. நான் 480 போட்டேன், மறுபடி நான் முன்னால். விரல் வேர்த்துத் திரையில் வழுக்கியது. "ஏங்க, போதும், விட்டுடுங்க" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது, ஆனால் மனதில் ஏறவில்லை. அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது பொம்மையை இல்லை, அந்த கே-7ஐ. என் அப்பாவுடையதை எவனோ ஒருவன் பிடுங்கிக்கொண்டு போகிறான் என்ற கோபம். அவர் 485 போட்டார். அதற்குமேல் என்னிடம் காசு இல்லை. பத்து மணி ஆனது.

செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தி வந்தது. விற்பவர் மலாயில் மரியாதையாக எழுதியிருந்தார். ஜெயித்தவர் பணம் கட்டவில்லையாம், நான் கடைசியாகக் கேட்ட 480-க்கே தருகிறாராம், 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டுமாம். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

தயவுசெய்து இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பணம் கட்டாத ஒருவர் அந்த ஏலத்தில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது நானும் 115-ல் நின்றவரும். அப்படியானால் விலை 120. அதற்குமேல் நான் கேட்ட ஒவ்வொரு ஐந்து வெள்ளியும், பணம் கட்டப்போகாத ஒருவர் கேட்டதால் நான் கேட்டது. "உங்கள் கடைசி விலை" என்று அவர் காட்டிய 480 நான் வைத்த விலையே இல்லை, ஆளில்லாத நாற்காலியோடு போட்டி போட்டு நான் ஏற்றிய விலை. ஜெயித்தவர் பின்வாங்கியது உண்மையாகவே இருந்தாலும் இதே கணக்குதான். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் விலையும் இறங்க வேண்டும். ஆனால் இரண்டாவது வாய்ப்பு என்று வருகிற செய்தியில் விலை இறங்காது. ஈபேயிலும் இந்த வசதி உண்டு, அங்கேயும் நீங்கள் கடைசியாகக் கேட்ட தொகைக்குத்தான் வரும். வேண்டாம் என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. இல்லையென்றால் "மூன்றாவதாக நின்றவர் கேட்டதற்கு ஒரு படி மேலே கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

வண்டி வந்தது. வண்டி அசல்தான், அதில் குறை சொல்ல முடியாது. பெட்டிதான் இப்போது அச்சடித்தது. அறுபது, எழுபது வருஷத்துப் பெட்டியின் அட்டை உள்பக்கம் பழுப்பேறிப்போயிருக்கும், இது பள்ளிக்கூட நோட்டு மாதிரி பளிச்சென்று வெள்ளை. பெட்டி நகல் என்று விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. அப்பாவின் சந்தோஷத்தில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து அதே விற்பவர் சஃபாரி லேண்ட் ரோவர் ஒன்றை ஏலத்தில் விட்டார். திறந்து பார்த்தேன், கே-7 அங்கேயும் நிற்கிறார். அப்போதுதான் முதன்முதலாக அவர் பெயரைத் தட்டி, ஏலம் கேட்ட வரலாற்றைப் பார்த்தேன். வாங்கியவர் என்ற முறையில் அவருக்கு விற்பவர்கள் கொடுத்த மதிப்பீடு ஒன்றுகூட இல்லை. 30 நாளில் அவர் கேட்ட ஏலங்கள் அத்தனையும் இந்த ஒரே விற்பவரிடம். விலையை ஏற்றிவிட விற்பவரே வைத்த ஆள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு தடவை, கேட்ட விலையைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று திரும்ப எடுத்திருக்கிறார். இதுவும் ஒரு தந்திரம்தான். பெரிய தொகையைப் போட்டு நம் உச்சத்தை உடைத்துத் தெரிந்துகொண்டு, அதை ரத்துசெய்துவிட்டு, நம் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே மறுபடி வந்து கேட்பது.

குளுவாங்கில் இருக்கிற ஒரு சேகரிப்பாளர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "தம்பி, டிராக்டருக்கு எனக்கும் அதே மெசேஜ்தான் வந்துச்சு. அதே கே-7தான்" என்றார். அவரும் கட்டியிருக்கிறார்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மதிப்பீடு இல்லாத எல்லாரும் கள்ளர்கள் இல்லை, எல்லாரும் ஒருநாள் புதிதாக வந்தவர்கள்தான். மேட்ச்பாக்ஸ் மட்டும் விற்கிற ஒருவரிடம் மேட்ச்பாக்ஸ் மட்டும் சேர்க்கிற ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்பதும் இயல்புதான். கடைசி ஐந்து நொடியில் வந்து தூக்கிக்கொண்டு போகிறவரைத் திட்டுகிறோம், ஆனால் அவர் அநேகமாக நிஜமாக வாங்க வந்தவர். விற்பவருடைய ஆள் பொதுவாகக் கடைசி நொடிக்கு வரமாட்டார், ஜெயித்துவிட்டால் சாமான் விற்காமல் போய்விடுமே. முன்கூட்டியே வந்து படிப்படியாக ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். என் விஷயத்தில் அவர் ஐந்து வெள்ளி அதிகமாகப் போய்விட்டார், அதற்குத்தான் அந்த இரண்டாவது வாய்ப்பு. ஒரே விற்பவர், மதிப்பீடு இல்லை, படிப்படியான ஏற்றம், ஜெயித்தும் பணம் கட்டாதது எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அந்த ஏலத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நான் இப்போது ஏலம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் என் தொகையைப் போடுகிறேன், ஒரே தடவை. என் உச்சத்தைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. தோற்றால் தோற்றது, தூங்கப் போய்விடுகிறேன்.

இது வெறும் ஒழுக்கக்கேடு இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்பவர் விலையை ஏற்றப் போலியாக ஏலம் கேட்க வைத்தால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். இங்கிலாந்தில் 2010-ல், தன் பொருள்களுக்கு இன்னொரு கணக்கிலிருந்து தானே ஏலம் கேட்ட ஒருவர் பிராட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் அப்படி விலை ஏற்றியவற்றில் ஒரு மினிபஸ்ஸும் உண்டு.

தளத்துக்குப் புகார் எழுதினேன். கே-7 கணக்கு காணாமல் போனது, விற்பவர் அப்படியே இருக்கிறார். விற்பவருக்கும் நேராக எழுதினேன், சட்டத்தையும் சொல்லி. வண்டியைத் திருப்பி அனுப்பு, முழுப்பணமும் தருகிறேன் என்று பதில் வந்தது.

அங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. பிறந்தநாள் அன்று அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வண்டியை உள்ளங்கையில் வைத்து, நகத்தால் அந்தப் பழுப்பு நிற டிரைவரைத் தொட்டுப் பார்த்தார். "டிரைவரை வச்சே செஞ்சிருக்கான் பாரு" என்றார். அன்றிலிருந்து அது அவர் தலைமாட்டில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் பசியாறும்போது மேசைக்கு வருகிறது, இரவு திரும்பப் போகிறது. அதை நான் எப்படிப் போய்க் கேட்பேன்? என்ன விலை என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. 360 வெள்ளி அதிகம் என்றால், மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிற ஒரு தோட்டத் தொழிலாளிக்கு ஐந்து நாள் கூலிக்கு மேல். அது அவருக்கு உடனே தெரியும்.

அதனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும், இவர் வாரம் முப்பது சாமான் விற்கிறவர். முகவரிதான் கிடைக்காமல் இருந்தது. பணம் அனுப்பிய ரசீதில் ஆள் பெயருக்குப் பதிலாக ஒரு வியாபாரப் பெயர் இருந்ததைக் குளுவாங் அண்ணன்தான் கவனித்தார். அதை வைத்து நிறுவனப் பதிவில் தேடி எடுத்தோம். ஆகவே ரசீதை அழித்துவிடாதீர்கள். ஏலப் பக்கத்தையும், கேட்டவர் பட்டியலையும், அந்த இரண்டாவது வாய்ப்புச் செய்தியையும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மூடப்பட்டதும் பட்டியலும் போய்விடலாம். பணம் கட்டியும் சாமானே வராத மோசடி என்றால் வேறு வழி, உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள்.

அண்ணனும் தன் டிராக்டருக்குத் தனியாக மனு போடுகிறார். என்னுடையதை நேற்று எழுதி முடித்தேன். வண்டியைத் திருப்பித் தருவதாக அதில் சொல்லவில்லை. கேட்கும் தொகை என்ற இடத்தில் 360 வெள்ளி என்று எழுதியிருக்கிறேன்.