காத்தடைக்கிற கேனோ, ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்ததுல

ஐப்பசி மழைல எங்கூரு குளம் பெருகவும் ஆன்லைன்ல வாங்குன துடுப்புப் படகு இது, ரெண்டு பேரு உக்காரலாம். கால் பம்புல அடிச்சு முடிக்கதுக்குள்ள வேர்த்து ஊத்திரும். காலைல தண்ணி அசையாம கெடக்கும்போது அருமையா போவுது, மச்சான் முன்னாடி நான் பின்னாடி, பக்கத்துல போயும் நாரை பறக்கல. மொத நாள் அடியில மாட்டுற ஃபின்ன (படக நேரா போவ வைக்கிற தகடு) மறந்துட்டு எறக்கிட்டோம், துடுப்பு போட்டா நேரா போவாம செக்கு மாடு கணக்கா சுத்துது, கரையில நின்ன அண்ணாச்சி சிரிச்ச சிரிப்பு இருக்கே! வெயிட்டு கம்மி, அதனால காத்தடிச்சா தள்ளிட்டுப் போயிரும், ஆடி காத்துல வெளிய எடுக்காதீய. கரையெல்லாம் சீமக்கருவேல முள்ளு, மூணாவது நாளே பஞ்சர், கூட வந்த பேட்ச் ஒட்டல, கம்பெனிகாரன் பதிலே போடல, கடைசில பிவிசி பசை வாங்கி ஒட்டுனப்புறந்தான் நின்னுச்சு. லைஃப் ஜாக்கெட் தனியா வாங்கணும், அதுல மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீய.