கறுப்புத் திரையோடு ஆறு வருடம்

ராயப்பேட்டையில் ஒரு சிறிய டிடிபி கடையில் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் விண்டோஸ் திணறியதால், அதற்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். அப்படித்தான் டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கறுப்புத் திரை, பழக்கமானது. இன்று அது இல்லாமல் என் வேலை நடக்காது.

தொடக்கத்தில் மூன்றே கட்டளைகள்: எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று சொல்ல பிடபிள்யூடி, அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ், வேறு இடத்துக்குப் போக சிடி. புதிதாக வருபவர்கள் ஒரு வாரம் இவற்றோடு மட்டும் சுற்றுங்கள். எதுவும் கெட்டுப்போகாது. கோப்பின் பெயரில் இரண்டெழுத்து அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும்; அதையும் பழகிவிடுங்கள்.

அப்புறம்தான் எம்வி. பெயர் மாற்றவும் இடம் மாற்றவும் இதே கட்டளைதான். நான் அடிபட்டது இதில்தான். திருத்திய அத்தியாயம் ஒன்றுக்குப் புதுப் பெயர் கொடுத்தேன். அதே பெயரில் வேறொரு அத்தியாயம் ஏற்கெனவே இருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் அதை அழித்துவிட்டு இது உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் உழைப்பு. குப்பைத்தொட்டியைத் திறந்தேன், காலி. டெர்மினலில் அழிந்தது அங்கே போகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆர்எம் போட்டு நீக்கினாலும் இதே கதிதான். அன்றிலிருந்து எம்வி, நகலெடுக்கும் சிபி, ஆர்எம் மூன்றுக்கும் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆங்கிலச் சின்ன 'i' எழுத்தும் சேர்த்தே அடிக்கிறேன். கை வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப். இருபது கோப்புகளில் 'கருப்பு' எங்கே, 'கறுப்பு' எங்கே என்று கேட்டால் வரியோடு எடுத்துக் கொடுக்கும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடையில் உபுண்டுவை மூன்று முறை புதுப்பித்தேன். திரையின் தோற்றம்தான் மாறியது, கட்டளைகள் மாறவில்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு 1971-இல் வந்த கையேட்டிலேயே சிபி, எம்வி, ஆர்எம், எழுத்தையும் சொல்லையும் எண்ணும் டபிள்யூசி எல்லாம் இருக்கின்றன.

தமிழில்தான் கொஞ்சம் சிக்கல். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. டபிள்யூசி, துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 5 என்கிறது. பைட் கணக்கு கேட்டால் 15. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதனால் எழுத்து எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சொல் எண்ணிக்கையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் பெயர் அடிக்கும்போது கர்சர் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கிறது. கோப்புகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வைக்கிறேன்.