பயோஃபிலிமிலிருந்து ஆர்என்ஏ: ரைபோப்யூர் ஈஸ்ட் கிட் எப்படி?

ஈஸ்ட் செல்லிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் ரைபோப்யூர் கிட், திரவத்தில் மிதந்து வளரும் ஈஸ்ட்டை மனதில் வைத்துச் செய்தது. கதீட்டர், பல்செட் போன்ற பரப்புகளில் ஒட்டிப் படலமாகப் படியும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட்டின் பயோஃபிலிமுக்கும் இதை வாங்கலாம். ஆனால் கையேட்டில் உள்ளபடியே செய்தால் பாதி மாதிரிகள் ஃபில்ட்டரிலேயே நின்றுவிடும்.

தெர்மோ ஃபிஷர் விற்கும் ஒரு பெட்டி 50 மாதிரிக்கு வரும். ஜிர்கோனியா மணிகள், ஃபில்ட்டர் கார்ட்ரிட்ஜ், பஃபர்கள், டிஎன்ஏவை அழிக்கும் நொதியான டிஎன்ஏஸ் எல்லாம் உள்ளே உண்டு. எத்தனாலை நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம், மூன்றாம் அலசலுக்கான வாஷ் 2/3 புட்டியில் எத்தனால் ஊற்றியாயிற்றா என்பதை மூடியில் எழுதிவையுங்கள். ஆய்வகத்தில் இரண்டு பேர் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும்.

இதன் பெரிய பலம், செல்சுவரை மணிகளால் அடித்து உடைப்பது. சைமோலயேஸ் நொதி போட்டு 30 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தாலும் சுவர் கரையும்தான். ஆனால் அந்த அரைமணியில் செல் சும்மா இருக்காது. சுவர் சிதைகிறது என்று உணர்ந்து அதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும். ஏஎல்எஸ்1, ஏஎல்எஸ்3, எச்டபிள்யூபி1 என்று செல்சுவர்ப் புரதங்களின் மரபணுக்களையே அளக்கப் போகும் வேலையில் இது பெரிய கேடு. நொதி முறைக் கிட்டுகளை இந்த வேலைக்குத் தொடவேண்டாம்.

அறுவடையிலும் இதே கவனம் வேண்டும். குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஒருமுறை அலசி, சுரண்டி, 4 டிகிரியில் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, உடனே திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். சுரண்டிய தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது, அளக்க வந்ததையே மாற்றிவிடும்.

உடைப்பதற்கு ஒரு குழாய்க்கு லைசிஸ் பஃபர் 480 மைக்ரோலிட்டர், 10% எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற வேதிப்பொருள்) 48, ஃபீனால்-குளோரோஃபார்ம் கலவை 480, மணிகள் சுமார் 750. கையேடு சொல்வது வோர்டெக்ஸ் கருவியில் 10 நிமிடக் குலுக்கல். மிதக்கும் செல்லுக்கு அது போதும். பயோஃபிலிமோ ஹைஃபா எனும் நீண்ட இழைச் செல்களும், குளுக்கான், மன்னான் என்ற பாலிசாக்கரைடுகளும் (சர்க்கரைச் சங்கிலிகள்) பின்னிய கட்டி. வோர்டெக்ஸில் முழுதாகவே சுழன்றுகொண்டிருக்கும். முதலில் லைசிஸ் பஃபரில் பிப்பெட் முனையால் கட்டியைச் சிதைத்துவிட்டு, பிறகு மணிகளோடு வேகமாக அடிக்கும் பீட் பீட்டர் கருவியில் ஒரு நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஐஸ் என்று மூன்று சுற்று ஓட்டுங்கள். ஃபீனால் இருப்பதால் ஃபியூம் ஹூட் கட்டாயம்.

சுழற்றியதும் மேல் நீர்ப்பகுதியை எடுக்கும் இடத்தில்தான் அதிகம் கெடும். பயோஃபிலிம் மாதிரியில் நடுவில் நிற்கும் வெள்ளைப்படலம் தடிமனாக இருக்கும். கடைசித் துளிவரை உறிஞ்ச ஆசைப்பட்டால் அதுவும் கூடவே வரும். 50 மைக்ரோலிட்டரை விட்டுவிடுங்கள். மேல்பகுதி கலங்கலாகத் தெரிந்தால் இன்னொருமுறை சுழற்றுங்கள். இதில் பைண்டிங் பஃபர் 1.9 மில்லிலிட்டரும் எத்தனால் 1.25 மில்லிலிட்டரும் சேரும்போது மொத்தம் மூன்றரை மில்லிலிட்டரைத் தாண்டும். 700 மைக்ரோலிட்டராக அந்தச் சின்ன கார்ட்ரிட்ஜில் ஐந்தாறு தடவை இறக்கவேண்டும். கிட்டின் சலிப்பூட்டும் பகுதி இது. பாலிசாக்கரைடு வந்திருந்தால் மூன்றாவது தடவையிலேயே அடைத்துக்கொள்ளும். ஒரு மாதிரிக்கு 30 கோடி செல் என்பது கையேட்டின் உச்சவரம்பு. ஹைஃபாவை எண்ண முடியாது என்பதால், சந்தேகம் வந்தால் கட்டியை இரண்டு குழாயாகப் பிரித்துவிடுவதே புத்தி.

ஃபில்ட்டரிலிருந்து ஆர்என்ஏவைக் கரைத்து இறக்கும் எலூஷன் கரைசல் 95 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். ஆறியதை ஊற்றினால் ஆர்என்ஏ ஃபில்ட்டரிலேயே தங்கும்.

டிஎன்ஏஸ் படியை விடவே கூடாது. பயோஃபிலிம் மேட்ரிக்ஸில் செல்லுக்கு வெளியேயும் டிஎன்ஏ கிடக்கிறது. கேண்டிடா மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) இல்லாததால், பிசிஆருக்கான பிரைமரை இன்ட்ரானைத் தாண்டி அமைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. 8 யூனிட், 37 டிகிரி, 30 நிமிடம். பிறகு டிஎன்ஏஸை நிறுத்தும் இன்ஆக்டிவேஷன் ரீஏஜென்ட். அதன் துகள் ஒன்று, ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் சிடிஎன்ஏ வினைக்குள் போனாலும் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வினையைக் கெடுக்கும். படியெடுக்கும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுங்கள்.

தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதமான 260/280 இரண்டை ஒட்டி வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். 260/230 சரிந்திருந்தால் உப்போ பாலிசாக்கரைடோ ஒட்டியிருக்கிறது. ஜெல்லில் 25எஸ், 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ பட்டைகள் கூர்மையாகத் தெரியவேண்டும். 28எஸ் விலங்குச் செல்லுக்கானது.

எந்தக் கிட்டாலும் தீர்க்க முடியாத ஒன்று, ஒப்பீட்டு மாதிரி. 30 டிகிரியில் ஒய்பிடி என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்த உருண்டைச் செல்லோடு ஒப்பிட்டு "பயோஃபிலிமில் எச்டபிள்யூபி1 பலமடங்கு கூடியது" என்று எழுதுவது வீண். அது ஹைஃபா மரபணு. மிதக்கும் ஹைஃபாவிலும் கூடும். பயோஃபிலிமுக்குக் கொடுத்த அதே ஊடகம், அதே 37 டிகிரியில் மிதக்கவிட்டு வளர்த்ததைத்தான் பக்கத்தில் வைக்கவேண்டும். ஏசிடி1 என்ற ஒரே ஒப்பீட்டு மரபணுவை மட்டும் நம்பி அளவுகளை நார்மலைஸ் (சமன்) செய்வதும் ஆபத்து. பிஎம்ஏ1, ஆர்ஐபி1 போன்றவற்றையும் சேருங்கள்.

நேரவாரியாகப் பத்து இருபது மாதிரி எடுப்பவருக்கு இந்தக் கிட் பொருந்தும். ஆர்என்ஏ நிறைய வேண்டுவோருக்கும், செலவு பார்ப்போருக்கும் 65 டிகிரி சுடு அமில ஃபீனால் முறைதான் இன்னும் மேல். ஃபில்ட்டர் இல்லை, அடைப்பும் இல்லை. கைவேலை மட்டும் கூடும்.