கார் இல்லாமல் மெக்சிகோவின் கரீபியன் கரை: ப்ளாயா, இஸ்லா முஹேரெஸ், கொசுமெல், துலும், இதில் எது நடக்கிறவர் ஊர்?

மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலத்துக் கரையில் உள்ள நான்கு ஊர்களையும் விளம்பரப் படத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்: வெள்ளை மணல், பச்சை நீலக் கடல், தென்னை. கார் எடுக்காமல், காலை நம்பிப் போகிறவருக்கு நான்கும் நான்கு விதம். பேருந்தோ படகோ இறக்கிவிடும் இடம், தங்கும் அறை, இறங்கிக் குளிக்கும் கடல், சாப்பிடும் தெரு ஆகிய நான்கும் இருபது நிமிட நடைக்குள் இருக்கிறதா? இதுதான் இங்கே அளவுகோல். இஸ்லா முஹேரெஸ் இதில் முழுசாகத் தேறுகிறது. ப்ளாயா டெல் கார்மென் கிட்டத்தட்டத் தேறுகிறது. கொசுமெலில் கடல் மட்டும் இடிக்கிறது. துலும் தேறவில்லை.

துலுமை முதலில் பேசி முடித்துவிடலாம். படங்களில் வரும் துலும் கடற்கரை வேறு, பேருந்து இறக்கிவிடும் துலும் ஊர் வேறு. ஊர் 307ஆம் நெடுஞ்சாலையின் இருபுறமும் கிடக்கிறது. கடல் அங்கிருந்து ஏறக்குறைய 4 கி.மீ. தள்ளி. இடையில் ஓடும் கோபா சாலையில் சைக்கிள் பாதை உண்டு, நிழல் கிடையாது. கடற்கரைச் சாலையை அடைந்த பிறகுதான் உண்மையான சங்கடம்: குறுகலான தார்ச்சாலை, பெரும்பகுதியில் நடைபாதை இல்லை, மழை பெய்தால் ஓரமெல்லாம் குட்டை, தண்ணீர் லாரியும் டாக்சியும் முழங்கையை உரசிக்கொண்டு போகும். கடல் ஐம்பது அடியில் இருந்தாலும் ஓட்டல் சுவர்கள் அதைக் கண்ணில் காட்டாது. பாறை முகட்டில் நிற்கும் மாயா இடிபாடுகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ப்ளாயாவிலிருந்து பகல் பயணமாகப் போய் வருவது புத்திசாலித்தனம். 63 கி.மீ. தூரம், ஒரு மணி நேரப் பயணம். பங்கு வேன்கள் இடிபாட்டுச் சாலை முனையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். 2023 டிசம்பரில் திறந்த துலும் விமான நிலையத்தையும் மாயா ரயிலையும் பார்த்து மனசு மாறவேண்டாம். இரண்டும் கடற்கரையிலிருந்து நடந்து எட்டும் தூரத்தில் இல்லை.

ப்ளாயாவின் பெரிய பலம் அதன் கட்டக் கட்டமான தெருத்திட்டம். கடலுக்கு இணையாக ஓடுபவை அவெனிதாக்கள். 5, 10, 15, 20 என ஐந்தைந்தாக எண் ஏறும். கடலை நோக்கி இறங்குபவை காயேக்கள். ஹுவாரெஸ் சாலைக்கு வடக்கே 2, 4, 6 என இரட்டைப்படையில் ஏறும். ஆக, 10ஆம் அவெனிதாவில் 12ஆம் காயே மூலையில் நிற்கிறவர் 26ஆம் காயேவுக்குப் போகவேண்டுமானால் வடக்கே ஏழு கட்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கணக்கு ஒன்றிரண்டு பிசகும். காரணம் ‘12 பிஸ்’ மாதிரி இடையில் செருகிய தெருக்கள். முகவரியைக் கட்டட எண்ணாகக் கேட்பதைவிட ‘ஐந்தாம் அவெனிதா, 12க்கும் 14க்கும் நடுவில்’ என்று கேட்டு வாங்கினால் கைபேசி வரைபடமே தேவைப்படாது.

ஐந்தாம் அவெனிதாதான் வண்டி புகாத கடைத்தெரு. தெற்கே படகுத்துறைப் பக்கத்திலிருந்து 38ஆம் காயே வரை சுமார் 2 கி.மீ.; நின்று வேடிக்கை பார்க்காமல் நடந்தால் அரை மணி. தெற்குமுனை கூச்சல், பொம்மைத் தொப்பிக் கடை, ‘டிக்கெட் வேணுமா’ கும்பல். 12ஆம் காயே இரவு விடுதிகளின் தெரு, விடியற்காலை வரை சத்தம் அடங்காது. கோன்ஸ்டிடுயெந்தெஸ் சாலையைத் தாண்டியதும் கூட்டம் இளைக்கும். 38ஆம் காயேவில் மரங்கள் தெருவுக்கே பந்தல் போட்டிருக்கும். அறை எடுக்க நல்ல கட்டம்: 22க்கும் 38க்கும் இடையில், 5ஆம் அவெனிதாவுக்கும் 20ஆம் அவெனிதாவுக்கும் நடுவில். 30ஆம் அவெனிதாவைத் தாண்டிப் போனால் வாடகை இறங்கும், ஆனால் கடலுக்குப் போகவர தினமும் வெயிலில் கால் வலிக்கும். சேமித்த காசு டாக்சிக்குப் போய்விடும்.

பலர் சறுக்குவது பேருந்து நிலையத்தில். ஏடிஓ நிறுவனத்துக்கு ப்ளாயாவில் இரண்டு நிலையங்கள். ஒன்று ஐந்தாம் அவெனிதாவும் ஹுவாரெஸும் சந்திக்கும் முனையில். ‘ஆல்டெர்னா’ எனப்படும் மற்றொன்று 20ஆம் அவெனிதாவில், 12ஆம் காயே பக்கம். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்காமல், பெட்டியை இழுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். பெட்டிச் சக்கரத்துக்கு அந்தத் தெருக்கள் எதிரி: நடைபாதை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு படி ஏறும், கார் இறங்கும் சரிவுக்காக ஒரு படி இறங்கும், கடை முன்னால் பதித்த வழவழ ஓடு மழையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ரப்பர் செருப்பு மணலுக்கு மட்டும் போதும். தெருவுக்கு அடிப்பிடிப்புள்ள சாண்டல் வேண்டும்.

மணலில் உட்காரக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. அலை எட்டும் எல்லையிலிருந்து 20 மீட்டர் மத்திய அரசின் மண்டலம். கடற்கரைக் கிளப்புகள் கேட்கும் குறைந்தபட்சச் செலவு நாற்காலிக்கும் குடைக்கும்தான். அவர்கள் நாற்காலி வரிசைக்கு முன்னால் துண்டு விரித்து உட்கார்ந்தால் எழுப்ப உரிமை இல்லை. தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் வழிகள் பல காயேக்களின் முடிவில் இருக்கின்றன. ஓட்டல் வழியாகப் போக அனுமதி கேட்டு நிற்காமல் அடுத்த தெருமுனைக்கு நடந்துவிடுவது சுலபம். குழந்தைகளோடு போகிறவர்கள் வடகோடியில் புந்தா எஸ்மெரால்டா வரை போகலாம். நன்னீர் ஊற்று ஒன்று கடலில் வந்து கலக்கும் ஆழமில்லாத இடம். படகுத்துறையிலிருந்து நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வழிக்காவது வேன் பிடிக்கலாம்.

இஸ்லா முஹேரெஸில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். தீவின் நீளம் ஏறக்குறைய 7 கி.மீ.; ஊர் அதன் வடமுனையில் அடங்கிவிடுகிறது. எதிர்க்கரையில் கான்குன் நகரத்தின் புவேர்த்தோ ஹுவாரெஸ் துறையிலிருந்து வரும் படகு இருபது நிமிடத்தில் இறக்கிவிடும். துறையிலிருந்து ப்ளாயா நோர்த்தே கடற்கரை பத்து நிமிட நடைகூட இல்லை. சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த, மாலையில் நடைக்கென்றே இருக்கும் இதால்கோ தெரு இரண்டு கட்டம் உள்ளே. அந்தக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் வெகு தூரம் நடந்தே போகலாம். நீச்சல் தெரியாதவர்களுக்கு இந்த நான்கு ஊரில் இதற்கு இணை இல்லை. எதிர்ப்புறம், கிழக்கே, சில நூறு மீட்டரில் இன்னொரு கடற்கரை நடைபாதை உண்டு. காலை நடைக்கு அருமை, குளிக்க ஆகாது: பாறை, அலை, உள்ளிழுக்கும் நீரோட்டம். ஒரே ஊரின் இரு பக்கமும் கடல் இவ்வளவு வேறாக இருப்பதைப் பார்க்கவே ஒரு சுற்று நடக்கலாம். வழியில் பழைய கல்லறைத் தோட்டம். அடிமை வியாபாரி முந்தாக்கா தனக்கென்று கட்டிக்கொண்ட சமாதி அங்கே வெறுமையாக இருக்கிறது.

இஸ்லாவின் குறை கூட்டம். காலை 11 மணி முதல் மாலை 4 வரை கான்குனிலிருந்து பகல் பயணிகள் கொட்டுவார்கள். அவர்கள் போன பிறகுதான் ஊர் ஊராகிறது. ஆகவே பகலில் போய்த் திரும்புவதில் பாதி லாபம் போச்சு, இரவு தங்கவேண்டும். தென்கோடியில் இருக்கும் புந்தா சூர் முனைக்கு நடந்து போவேன் என்பவர்கள், நடைபாதை அங்கங்கே அறுந்துபோவதையும் கோல்ஃப் வண்டிகளும் ஸ்கூட்டர்களும் சாலையை ஆள்வதையும் கணக்கில் வைக்கட்டும். விடிகாலையில் டாக்சியில் போய், வெயில் ஏறுமுன் நடந்து திரும்புவது நடக்கக்கூடிய ஏற்பாடு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம்.

கொசுமெல் தீவின் சான் மிகெல் நகரம் நடக்க இனியது. ப்ளாயாவிலிருந்து 40, 45 நிமிடப் படகு, இறங்கினால் நேர் எதிரே நகரச் சதுக்கம். கடலோர மெல்கார் சாலை சமதளம், அகல நடைபாதை. ஹுவாரெஸ் சாலைக்கு வடக்கே தெருக்கள் இரட்டைப்படை, தெற்கே ஒற்றைப்படை. ஞாயிறு மாலை சதுக்கத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் பாட்டுக் கேட்க வந்து உட்காரும்; மொறுமொறு சுருளுக்குள் எடம் சீஸ் துருவிப் போடும் மார்கெசீத்தா வண்டிகள் அப்போதுதான் சூடு பிடிக்கும். ஆனால் மணல்? நகரத்தின் கரை கூர்மையான சுண்ணாம்புப் பாறை, கடலுக்கு இரும்பு ஏணியில் இறங்கவேண்டும். மூச்சுக்குழாய்க் கண்ணாடியும் பாறைக் காலணியும் உள்ளவருக்கு அது குறையே அல்ல: தண்ணீர் கண்ணாடி மாதிரி, மீன்கள் ஏணியடியிலேயே சுற்றும். மணல் கேட்கும் குழந்தைக்கு வடக்கே அரை மணி நடையில் காசித்தாஸ் என்ற சின்னக் கடற்கரை. பெரிய உல்லாசக் கப்பல்கள் உலகிலேயே அதிகமாக வந்து நிற்கும் துறைகளில் கொசுமெலும் ஒன்று. கப்பல் வரும் அட்டவணையைப் பார்த்து, குறைவாக வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால் அதே சாலை வேறு சாலையாக இருக்கும்.

தேர்வைத் தலைகீழாக்கக்கூடியது ஒன்று உண்டு: சர்காசோ கடற்பாசி. ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை கிழக்குக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து குவிக்கும். குவிந்தது அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம். கிழக்கைப் பார்த்த ப்ளாயாவும் துலுமும் நேரடியாக வாங்கிக்கொள்ளும். கொசுமெல் நகரம் தீவின் மேற்குப் பக்கம், காற்றுக்கு முதுகு காட்டி இருக்கிறது. ப்ளாயா நோர்த்தேவும் பெரும்பாலும் தப்பிவிடும். அந்த மாதங்களில் கடலுக்காகப் போகிறவர் தீவுகளில்தான் தங்கவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கதை மாறும்: ‘நோர்த்தே’ வடகாற்று வீசினால் ப்ளாயா நோர்த்தே கலங்கும், துறைமுக அதிகாரி படகுகளையே நிறுத்திவிடுவார். விமானம் பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவைத் தீவில் வைத்துக்கொள்வது அந்தப் பருவத்தில் வீண் வம்பு.

வெயிலுக்கும் கணக்கு உண்டு. கின்டானா ரோ 2015 முதல் அமெரிக்கக் கிழக்குக்கரைக் குளிர்கால நேரத்தையே ஆண்டு முழுவதும் வைத்திருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12:30க்கும் 1 மணிக்கும் இடையில். மூன்றரை மணிக்கும் வெயில் தணியாது. மே நான்காம் வாரத்திலும் ஜூலை மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல், நிழல் காலடிக்குள் போய்விடும். ப்ளாயாவின் ஐந்தாம் அவெனிதாவில் காலையில் கடல்பக்கக் கட்டடங்கள் தெருவுக்கு நிழல் தரும், பிற்பகலில் எதிர்ப்பக்கத்தவை. பக்கம் மாறி நடந்தாலே பாதிக் களைப்பு குறையும். மாலையில் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க கொசுமெலோ இஸ்லாவோதான். மற்ற இரண்டிலும் சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நான்கு ஊரிலும் ஒரே எச்சரிக்கை: மசித்த பீன்ஸ் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் வதக்கியது, சோறு கோழிச்சாறில் வெந்தது. ‘சின் மான்தேகா’, கொழுப்பு வேண்டாம், என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

ஐந்து இரவு இருந்தால் பிரிக்கும் விதம்: முதல் மூன்று இஸ்லாவில், கடைசி இரண்டு ப்ளாயாவில், அங்கிருந்து ஒரு நாள் கொசுமெல். இஸ்லாவிலிருந்து ப்ளாயா போக, புவேர்த்தோ ஹுவாரெஸ் துறையில் இறங்கி டாக்சியில் கான்குன் நகர ஏடிஓ நிலையம், அங்கிருந்து பேருந்து. கான்குன் ஓட்டல் வட்டாரத் துறைகளிலிருந்தும் இஸ்லாவுக்குப் படகு உண்டு. கட்டணம் கூடுதல், தடவைகள் குறைவு. கொசுமெல் டிக்கெட்டைத் துறையிலுள்ள நிறுவனச் சாளரத்தில் மட்டும் வாங்குங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் படகு விடுவதால் போகவர ஒரே நிறுவனத்தின் சீட்டா என்று பாருங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.