இயல்பாக நடக்கச் சொன்னார்கள்

ஊருக்குப் போகும்போதெல்லாம் வங்கி, பத்திரப்பதிவு, பல் மருத்துவர் என்று ஒரு பட்டியலோடு அலைவது என் வழக்கம். இந்த முறை அதில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகமும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு 74 வயது, வலது முழங்கால் தேய்மானம். மனித அசைவை அளக்கும் பயோமெக்கானிக்ஸ் ஆய்வகம் ஒன்றில், முழங்கால் வலி உள்ள முதியவர்களின் நடையைப் பதிவு செய்யத் தன்னார்வலர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

புறப்படுவதற்கு முன்பே இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. நேரில் போய் நின்றதும் பத்து நிமிடத்தில் தேதி கொடுத்துவிட்டார்கள். மின்னஞ்சலை யாருமே பார்ப்பதில்லையா என்று கேட்டேன். பார்க்கும் மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாராம்.

போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகம் மருத்துவமனை அல்ல. ஒப்புதல் படிவத்திலேயே அதை எழுதியிருக்கிறார்கள்: இதனால் உங்களுக்குச் சிகிச்சை எதுவும் கிடைக்காது, எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஆராய்ச்சி மாணவி ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, அப்பா தலையசைத்த பிறகே அடுத்த வரிக்குப் போனார். அந்தப் பொறுமைக்காகவே மின்னஞ்சல் விவகாரத்தை மன்னித்துவிட்டேன்.

அரைக்கால் சட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். காலணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அப்பாவின் புது ஷூவில் குதிகால் பக்கம் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை ஒன்று இருந்தது. அங்குள்ள அகச்சிவப்புக் கேமராக்களுக்கு முகமோ சட்டையோ பொருட்டில்லை. உடலில் ஒட்டிய, கோலிக்குண்டு அளவுள்ள பளபளக்கும் உருண்டைகளை மட்டுமே அவை தேடுகின்றன. ஷூவின் பட்டையையும் கைக்கடிகாரத்தையும் அவை உருண்டைகளாகவே எண்ணிக்கொண்டன. பட்டையின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார்கள், கடிகாரம் என் சட்டைப் பைக்கு வந்தது. இந்த உத்தி ஒன்றும் புதிதல்ல. 1880களிலேயே எத்தியென் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியலாளர், ஓர் ஆளுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை மாட்டி, கைகால்களின் நீளத்துக்கு வெள்ளைக் கோடு போட்டு நடக்கவிட்டுப் படமெடுத்திருக்கிறார். ஆளை மறைத்தால்தான் அசைவு தெரிகிறது.

உருண்டைகளை ஒட்டுவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. இடுப்பெலும்பின் முனையையும் முழங்காலின் இரு பக்க மேடுகளையும் மாணவி விரலால் தடவித் தேடினார். எலும்புக்கு மேல் தோல் வழுக்குவதால், தொடையில் ஒட்டியது எலும்பைவிட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட விலகக்கூடுமாம். எல்லாம் ஒட்டி முடித்த நேரத்தில் யாரோ ஒரு கேமராவின் முக்காலியை இடித்துவிட்டார்கள். மறுபடியும் அளவு சரிபார்க்க வேண்டும் என்று ஓர் இளைஞர் உருண்டைகள் பொருத்திய கோலை அறை முழுக்க வீசிக்கொண்டு நடந்தார். அப்பா அரைக்கால் சட்டையோடு குளிரூட்டிய அறையில் காத்திருந்தார். ஒரு போர்வையாவது வைத்திருக்கலாம்.

பிறகு நடை. "இயல்பாக நடங்கள் ஐயா, எதிர்ச் சுவரைப் பாருங்கள்" என்றார் மாணவி. தரையோடு தரையாக விசைத் தட்டுகள் பதித்திருக்கிறார்கள். காலடி எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை அவை நொடிக்கு ஆயிரம் முறை அளக்கின்றன. ஒரு பாதம் முழுதாக ஒரே தட்டில் விழுந்தால்தான் கணக்கில் வரும். தட்டு எங்கே என்று சொல்வதில்லை, சொன்னால் அதைக் குறிபார்த்து எட்டு வைப்பார்கள். அப்பாவோ மூன்றாம் நடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்! அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்தி, நீள எட்டு வைத்து, தட்டின் நடுவில் மிதித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து நல்ல பதிவுகள் கிடைக்க இருபத்திரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது.

தட்டுகள் அளந்த விசை திரையில் வரைபடமாக வந்தபோது அதில் இரட்டைத் திமில் தெரிந்தது. குதிகால் ஊன்றி எடை ஏறும்போது ஒரு மேடு, முன்பாதத்தால் உந்தும்போது இன்னொன்று. சாதாரண நடையில் அந்த மேடுகள் உடல் எடையைத் தாண்டிவிடும், நடுப்பள்ளம் எடைக்கும் கீழே இறங்கும். அப்பாவின் வலது காலில் பள்ளம் இருந்ததே தெரியவில்லை. நான் பதறினேன். மெதுவாக நடந்தாலே திமில் தட்டையாகும், அதை வைத்து நோய் சொல்ல முடியாது என்றார் மாணவி.

சிகிச்சை கிடைக்காது என்றார்கள் அல்லவா? கிளம்பும்போது அப்பா வலிக்கிற வலப்பக்கமே கைத்தடியை ஊன்றுவதைக் கவனித்த பேராசிரியர், "இடது கையில் பிடித்துப் பாருங்கள்" என்றார். வலது கால் தரையில் நிற்கும் நேரத்தில் எதிர்ப்பக்கத் தடி எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளுமாம். இரண்டு வருடமாக எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறோம், தடி எந்தக் கையில் இருக்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாளில் பதிவுகளை அனுப்பினார்கள். என் கணினியில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. மறுபடி கேட்டதும் இரண்டு நடைகளை வீடியோவாக மாற்றிக் கொடுத்தார்கள், கறுப்புத் திரையில் நகரும் வெள்ளைப் புள்ளிகளாக. பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள் அசைந்தாலே மனிதர் நடக்கிறார் என்று கண் கண்டுகொள்ளும் என்பதை 1973இல் குன்னர் யோஹான்சன் என்ற சுவீடன் உளவியலாளர் காட்டியிருக்கிறார். அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

முதலாவதைப் பார்த்துவிட்டு, "யார் இது?" என்றார். அது அப்பா தட்டைக் கண்டுபிடித்த பிறகு நடந்தது. இரண்டாவது, களைத்துப் போய் எங்களை மறந்து நடந்த கடைசி நடை. புள்ளிகள் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நகர்ந்தன. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இவருக்கு இவ்வளவு வலிக்கிறதா?" என்றார்.